கோத்தகிரி ‘படம் போடுற வீடு’: தேவயானி வாரம் எப்படி இருந்தது?

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் ரோட்டில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இறங்கும் ஒரு சந்தில் இந்த வீடு இருக்கிறது. பெயர்ப் பலகை வைக்கவில்லை, அறை பதிவு செய்யும் ஆப்களில் தேடினாலும் வராது. பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களிடம் ‘படம் போடுற வீடு’ என்று சொன்னால் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். மேலே தங்குவதற்கு நாலு அறை, கீழே ஒரு பெரிய கூடம், கூடத்தில் புரொஜெக்டரும் வெள்ளையடித்த சுவரும். வாரத்துக்கு ஒரு நடிகரையோ நடிகையையோ எடுத்துக்கொண்டு அவர் நடித்ததை வருட வரிசையில் போடுகிறார்கள். தங்குகிறவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு, ஆனால் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) நாலைந்து பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

நானும் அம்மாவும் போனது தேவயானி வாரத்துக்கு. அந்த வாரமாகப் பார்த்துத்தான் போனோம். படம் போடும் வரிசை, சாப்பாடு இரண்டும் அருமை. ஒலி சுமார். வீட்டுக்கு இறங்கும் பாதை வயதானவர்களுக்குக் கஷ்டம். இவ்வளவு தெரிந்தால் போதும் என்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அந்த வரிசையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேவயானி என்றால் நம் ஊரில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: சினிமாவில் மார்க்கெட் போச்சு, சீரியலுக்கு வந்துட்டாங்க. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் பதில் சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அடுத்தடுத்துப் பார்த்திருக்க வேண்டுமே. டிவியில் எப்போதோ ஒன்று, பஸ்ஸில் பாதி ஒன்று என்று பார்த்தால் எதுவும் பிடிபடாது. இந்த வீட்டில் 1996இல் ஆரம்பித்து 2025 வரை கொண்டுபோகிறார்கள், அதனால்தான் இந்த வாரம் எனக்கு இவ்வளவு பிடித்தது.

முதல் ராத்திரி ‘காதல் கோட்டை’. இதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை, முகம் பார்க்காமல் கடிதத்திலேயே காதலிக்கிற கதை, தேவயானி நடித்த கமலி ஊட்டிக்காரப் பெண். அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநர், சிறந்த திரைக்கதை என இரண்டு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குத்தான். அஜித்துக்கும் தேவயானிக்கும் பெரிய திருப்பமாக அமைந்த படம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதை நீலகிரியில், வெளியே மூட்டம் இறங்கியிருக்கும்போது, இந்த ஊர் ஆட்களோடு உட்கார்ந்து பார்ப்பது வேறு. வீட்டுக்கார அக்கா தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படம் முடிந்து டீ கொடுக்கும்போது அவர் சொன்னார்: மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் தபால் பை வருவதற்கு ஒரு நாள் தள்ளிப்போகும், அன்றைக்குப் பார்த்து ஆபீஸ் வாசலில் வழக்கத்தைவிடக் கூட்டமாக இருக்கும், கேட்டால் எல்லோரும் ஸ்டாம்ப் வாங்க வந்ததாகத்தான் சொல்வார்களாம். கமலியின் முகத்தைப் பார்த்தால் அந்தப் பெண்பிள்ளைகள் ஞாபகம் வருகிறது என்றார்.

தேவயானி மும்பையில் பிறந்து வளர்ந்தவர். அப்பா கொங்கணி பேசுகிறவர், அம்மா மலையாளம். தமிழில் ‘தொட்டாச்சிணுங்கி’ 1995இல் வந்தது, அடுத்த வருடமே இந்தப் படம். ஒரே வருடத்துக்குள் அக்கா வீட்டில் அண்டி வாழ்கிற, வேலை தேடுகிற ஒரு தமிழ்ப் பெண்ணாக அவரை யாரும் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டார்கள். இந்த முறை பார்க்கும்போது நான் காதலை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கவனித்தேன். கமலிக்குத் தொலைந்து போவது சான்றிதழ்கள். வேலைக்கு அலைகிற பெண்ணுக்குச் சான்றிதழ் போனால் உயிரே போன மாதிரி. அது திரும்பக் கிடைக்கும்போது அந்த முகத்தில் வருகிற நிம்மதி இருக்கிறதே, காதல் கதை மொத்தமும் அந்த நன்றியில்தான் நிற்கிறது. இதை ஒரு கவர்ச்சி நடிகை செய்திருந்தால் அந்தக் காட்சி சும்மா கடந்து போயிருக்கும்.

அடுத்தது ‘சூர்யவம்சம்’, 1997. கூடத்தில் அதிகம் கூட்டம் சேர்ந்தது இதற்குத்தான். இட்லி உப்புமா வரும்போது பின்னால் இருந்த சின்னப் பசங்க எல்லாம் மீம்ஸில் பார்த்ததை நேரில் பார்த்த சந்தோஷத்தில் கத்தினார்கள். சரத்குமாரின் இரட்டை வேடம், ஒரே பாட்டுக்குள் பஸ் கம்பெனி வளர்ந்துவிடுகிற விக்ரமன் பாணி எல்லாம் அப்படியே இருக்கிறது, இன்றைக்கும் அலுக்கவில்லை. ஆனால் தேவயானி நடித்த நந்தினியைப் பாருங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் படித்து கலெக்டர் ஆகிறாள். அந்தக் காலத்து வெற்றிப் படங்களில் ஹீரோயின் கல்யாணத்துக்குப் பிறகு சமையல்கட்டுக்குள் போனால் திரும்பி வரமாட்டாள். இந்தப் பெண் கலெக்டர் காரில் வந்து இறங்கினாள், ஊரே கைதட்டியது. அம்மா சொன்னார், அந்த வருடம் எங்கள் தெருவில் பத்தாவது படிக்கிற பெண்களிடம் என்ன ஆகப்போறே என்று கேட்டால் பாதிப் பேர் கலெக்டர் என்றுதான் சொன்னார்களாம். முக்கால்வாசிப் பேர் ஆகியிருக்கமாட்டார்கள், ஆனாலும் அந்தப் பதிலைச் சொல்ல வைத்தது ஒரு கதாபாத்திரம் என்பது சாதாரண விஷயமா?

1998, 1999 வருடப் படங்களை ஒரே பகலில் பாட்டும் காட்சியுமாக ஓட்டிவிட்டார்கள். ‘நினைத்தேன் வந்தாய்’, ‘மறுமலர்ச்சி’, ‘நீ வருவாய் என’ இப்படி. முழுப் படமாகப் போடவில்லையே என்று சிலருக்கு வருத்தம். எனக்கு அது சரியாகவே பட்டது, ‘நீ வருவாய் என’ மட்டும் முழுதாகப் போட்டிருக்கலாம். இறந்துபோன காதலனின் கண்கள் இன்னொருவரிடம் இருக்கின்றன, அந்தக் கண்களுக்காக அவரைக் கவனித்துக்கொள்கிற பெண் என்பது நம்பக் கஷ்டமான கதை. தேவயானி நடித்ததால்தான் நம்பினோம். ராஜகுமாரன் இயக்கிய முதல் படம் அது, 2001இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டதால் வெளியே போக வழியில்லாமல், 2000இல் வந்த ‘தெனாலி’ போட்டார்கள். கதை கொடைக்கானலில் நடக்கிறது என்பதால் நீலகிரிக்காரர்கள் கொஞ்சம் முறைத்துக்கொண்டே பார்த்தார்கள், இரண்டு மலைக்காரர்களுக்கும் எந்த ஊர் அழகு என்ற சண்டை என்றைக்கும் தீராது போல. ஜெயராமின் மனைவியாக வரும் தேவயானிக்கு அதில் நகைச்சுவை நன்றாக வருகிறது. அதற்கு அப்புறம் யாரும் அவரை அந்தப் பக்கம் அதிகம் பயன்படுத்திக்கொள்ளாதது நஷ்டம்தான்.

அதே 2000இல்தான் ஞான ராஜசேகரனின் ‘பாரதி’. சாயாஜி ஷிண்டே பாரதியார், தேவயானி செல்லம்மா. அந்த வருடத்தின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. கடன் வாங்கி வந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த மனிதர் என்று பாரதியைக் கொண்டாடுகிறோம், அடுத்த வேளைக்கு யாரிடம் போய் நிற்பது என்று யோசித்தவர் செல்லம்மா. அவர் பக்கத்திலிருந்து பாரதியைப் பார்க்க வைத்தது தேவயானியின் நடிப்பு. கவிஞரின் மேல் கோபமும் பாசமும் ஒரே நேரத்தில் வருகிற மாதிரி ஒரு பார்வை வைத்திருக்கிறார். அன்றைக்குக் கூடத்தில் சத்தமே இல்லை.

‘அழகி’யை 2002இல் தியேட்டரில் பார்த்தவர்கள் எல்லோரும் நந்திதா தாஸைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். இந்த வாரத்தில் அதை ஒரு தேவயானி படமாகப் பார்த்தேன். கணவன் வீட்டு வேலைக்கு என்று அழைத்து வருகிற பெண் அவனுடைய பழைய காதலி. மனைவி வளர்மதிக்கு, அதாவது தேவயானிக்கு, அது தெரியாது. அவளுக்குத் தெரிய வருகிற இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள், இல்லையென்றால் தியாகியாகியிருப்பார்கள். வளர்மதி இரண்டும் செய்வதில்லை. தன் வீட்டில் தனக்கான இடம் எது என்று ஒரு பெண் அளந்து பார்க்கிற மாதிரி அந்த முகம் இருக்கிறது. தங்கர் பச்சான்தான் இயக்கம். ‘காதல் கோட்டை’க்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. கமலியின் முகத்தை எத்தனை கிட்டத்தில் பார்த்திருந்தால் இந்த வேடத்துக்கு அவரை அழைத்திருப்பார் என்று தோன்றியது.

இந்த இடத்தில்தான் மார்க்கெட் போச்சு கதை உடைகிறது. ‘ஆனந்தம்’, ‘ஃப்ரெண்ட்ஸ்’ இரண்டும் 2001, ‘அழகி’ 2002, ‘கோலங்கள்’ சீரியல் தொடங்கியது 2003 நவம்பர். அப்போது அவருக்கு வயது 29. அவரோடு நடித்த அஜித்தும் விஜய்யும் அதற்கப்புறம் இருபது வருடம் ஹீரோவாக நடித்தார்கள். கல்யாணமான நடிகைக்கு அக்கா, அண்ணி வேடம் தவிர வேறு எதையும் எழுதத் தெரியாமல் இருந்தது நம் சினிமா. நல்ல வேடம் எங்கே எழுதப்பட்டதோ அங்கே அவர் போனார். அது சன் டிவியில் ராத்திரி 9 மணிக்கு இருந்தது.

இந்த வீட்டில் ‘கோலங்கள்’ போடுவதும் சரியாக 9 மணிக்குத்தான். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. எட்டரைக்குச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும், சமையல் செய்கிறவர் உள்பட எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். 2009 டிசம்பர் வரை ஓடிய 1,533 எபிசோடையும் யாரும் போட முடியாது. அக்கா ஒரு நோட்டில் எண் போட்டுக் குறித்து வைத்து, ராத்திரிக்கு இரண்டு மூன்றாக எடுத்துப் போடுகிறார். விகடன் டெலிவிஸ்டாஸ் தயாரிப்பு, திருச்செல்வம் இயக்கம், தொல்காப்பியனாக நடித்தவரும் அவர்தான். தேவயானி நடித்த அபி, குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கிற மூத்த பெண், பாஸ்கரைக் கட்டிக்கொண்டு படுகிற பாடு, அந்தக் கல்யாணத்தை விட்டு வெளியே வருவது, சொந்தமாகக் கட்டடக் கம்பெனி நடத்துவது, வில்லன் ஆதியோடு மோதுவது. அக்கா எடுத்து வைத்திருப்பது பெரும்பாலும் அபி ஆபீஸில் இருக்கிற எபிசோடுகள். அழுகைக் காட்சிகள் குறைவு. கேட்டதற்கு, அழுவதை எல்லோரும்தான் காட்டினார்கள், டெண்டர் எடுக்கிற பெண்ணை இதில்தான் பார்த்தேன் என்றார்.

பக்கத்து ஹட்டியிலிருந்து வருகிற ஒரு பாட்டி தேயிலைத் தோட்டத்தில் இலை எடுத்தவர். அந்தக் காலத்தில் வேலை முடிந்து வந்து ராகி கிண்டி வைத்துவிட்டு, கேபிள் இணைப்பு இருந்த வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பார்ப்பாராம். “அந்தப் பொண்ணு ஆதிகிட்ட தோத்துடக் கூடாதுன்னு தெனமும் வேண்டிக்குவோம்” என்றார். வேண்டிக்கொண்டது நிஜமாகவே கோயிலில். கட்டட வேலையில் ஒரு பெண் முதலாளியாக இருக்கிறாள், பேரம் பேசுகிறாள், ஏமாற்றப்பட்டு மறுபடியும் ஆரம்பிக்கிறாள் என்பதை ஆறு வருடம் தினமும் கொழுந்து பறிக்கிற பெண்கள் பார்த்திருக்கிறார்கள். எந்த சினிமா அவருக்கு அப்படி ஒரு ஆறு வருடத்தைக் கொடுத்திருக்கும்?

வேலை தேடுகிற கமலி, வேலைக்குப் படிக்கிற நந்தினி, வேலை கொடுக்கிற அபி. வரிசையாகப் பார்த்தால் இது ஒரே ஆளின் பயணம் மாதிரி இருக்கிறது. சீரியலுக்கு வந்து தேவயானி சின்னதாகிவிடவில்லை, அபி நந்தினியைவிடப் பெரிய வேடம். அவருடைய நடிப்பு முறையே சீரியலுக்குத் தோதானது என்றும் இப்போது தோன்றுகிறது. குரலை உயர்த்தமாட்டார், கையை ஆட்டமாட்டார். எதிராளி பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு படத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் இதைக் கவனிப்பதற்குள் சண்டை வந்துவிடும், தினமும் வீட்டுக்குள் வருகிறவரிடம் அது பழகிப்போய் ரொம்பப் பிடித்துவிடுகிறது.

சரி, குறைகள். புரொஜெக்டரில் ‘கோலங்கள்’ போட்ட முதல் ராத்திரி எல்லோர் முகமும் பக்கவாட்டில் வீங்கித் தெரிந்தது. அது பழைய டிவிப் பெட்டி அளவுக்கு எடுத்த சீரியல், இவர்கள் அகலத் திரைக்கு இழுத்து நிரப்பிவிட்டார்கள். முகத்தில் நடக்கிற சின்னச் சின்ன அசைவை நம்பி நடிக்கிறவருக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. சொன்னதும் அக்காவின் மகன் மறுநாளே மாற்றிவிட்டார், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது, முகம் முகமாக வந்தது. ஒலியைத்தான் மாற்ற முடியவில்லை. கூடத்துக்கு மேலே தகரக் கூரை, மழை வந்தால் பேச்சு கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரில் பின்னணி இசை மட்டும் இடிக்கிறது, தேவயானி பேசுவது அடியில் போய்விடுகிறது. ‘பாரதி’ அன்று மழை இல்லாதது அதிர்ஷ்டம். கூரைக்கு அடியில் ஒரு பலகைத் தடுப்புப் போட்டால் பாதி சரியாகிவிடும், சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொரு குறை, 2009க்கு அப்புறம் நேராக 2025க்குத் தாவிவிட்டார்கள். ஜீ தமிழில் வந்த ‘புதுப்புது அர்த்தங்கள்’ தொடரிலிருந்து ஒரு எபிசோடாவது போட்டிருக்க வேண்டும். வளர்ந்த மகன் இருக்கிற நடுவயதுப் பெண்ணை நடுவில் வைத்து ஒரு கதை, அபியைப் பார்த்து வளர்ந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. கடைசியாகப் போட்டது ஸ்ரீ கணேஷின் ‘3 பிஎச்கே’. சரத்குமாரும் தேவயானியும் மறுபடி ஜோடி, இப்போது சித்தார்த்தின் அப்பா அம்மாவாக, சொந்த வீடு வாங்கக் காசு சேர்க்கிற குடும்பம். ‘சூர்யவம்சம்’ பார்த்த அதே சுவரில் இதைப் பார்த்தது மனதை என்னவோ செய்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும்தான்.

சாப்பாட்டை நம்பிப் போகலாம். ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு நாள் எண்ணெஹிட்டு என்கிற படுகர் பலகாரம் செய்து கொடுத்தார்கள். இடைவேளையில் டீயும், வர்க்கி என்கிற இந்த ஊர் மொறுமொறு பிஸ்கட்டும். வர்க்கி காலையில் வாங்கி வந்தது, கையில் எடுத்தால் அடுக்கடுக்காக உதிர்கிறது. இரண்டு பேருக்கு அறை, மூன்று வேளை சாப்பாடு, படம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2,400 ரூபாய், இந்த ஊர் சீசன் விலைக்கு இது ரொம்ப நியாயம். சுடுதண்ணீர் காலை ஆறரையிலிருந்து எட்டு வரைதான். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிகளுக்குக் கைப்பிடி கிடையாது, பாசி பிடித்திருக்கிறது. முட்டிவலி உள்ளவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், பின்பக்கத் தோட்டப் பாதை வழியாக ஜீப்பில் இறக்கிவிடுகிறார்கள். வெளி மாவட்ட வண்டியில் வந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், வழியிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஸ்வெட்டர் கட்டாயம், கூடத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கால் விறைக்கிறது. கம்பளி கேட்டால் தருகிறார்கள், கேட்க வேண்டும்.

அடுத்து ராதிகா வாரம் போடுகிறாராம் அக்கா. 1978 ‘கிழக்கே போகும் ரயில்’ ஆரம்பம், ‘சித்தி’ வரை. ‘சித்தி’யிலிருந்து எதையெல்லாம் எடுத்துப் போடலாம் என்று அம்மா தன் பங்குக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கூரைக்குப் பலகை அடித்தாயிற்றா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அறையைச் சொல்லிவைக்கப் போகிறேன்.